சுமைதாங்கிக் கல்லும் முதுகு ஊசியும்

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதிக் கொடுங்க என்று குழுவில் கேட்டாங்க. நான் பத்தாவது வரைதான் படித்தவள். ராஜாக்கள் வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது. நாம எல்லாரும் பட்ட பிரசவ வலிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எங்க ஊரில் குளத்துக்குப் போகிற பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பாங்க. புல்லுக்கட்டு, விறகுக்கட்டு சுமந்து வருகிறவங்க, இறக்கிவிட ஆள் இல்லாவிட்டாலும் சுமையை அதில் வைத்து இளைப்பாறலாம். சின்ன வயதில் அதில் ஏறி விளையாடினேன் என்று ஆச்சி அதட்டினாங்க. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்ட கல் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுமையை இறக்கி வைக்க முடியாமலே போனவளுக்கு, ஊரார் சுமையைத் தாங்கும் கல்லை நட்டால் ஆத்மா சாந்தியாகும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டில் பல ஊர்ப் பாதையோரங்களில் இந்தக் கல்லைப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பெண்கள் பேறுகாலத்தில் பட்ட பாட்டுக்கு அதுதான் சாட்சி.

ஆச்சிக்கு எல்லாப் பிள்ளையும் வீட்டில்தான். மருத்துவச்சிதான் பார்ப்பாங்க. முதலில் சீரகக் கஷாயம் கொடுப்பாங்களாம். வலி அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி. விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு அதைப் பிடித்து முக்கச் சொல்லுவாங்க. இடுப்பில் வெந்நீர் ஊற்றுவாங்க. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கைகள் அவை. ஆனால் ரத்தம் நிற்காமல் போனாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ அந்தக் கைகளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டிலேயே வைத்திருந்து சாகவிட்ட குடும்பங்கள் அப்போது நிறைய. ஒரே இரவில் மூன்று பெண்கள் அப்படிப் பிரசவத்தில் செத்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் அம்மா டாக்டருக்குப் படிக்கப் போனாங்க. திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினாங்க. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் வாங்கின முத்துலெட்சுமி ரெட்டி அம்மாவை நமக்கெல்லாம் தெரியும். நாம வாங்குகிற மகப்பேறு உதவித் தொகை அவங்க பெயரில்தான் வருகிறது.

இதெல்லாம் உயிரைக் காப்பாற்றின வரலாறு. வலியைக் குறைக்கவும் ஒருபக்கம் பாடுபட்டிருக்காங்க. 1847-ல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர், பிரசவ வலிக்கு முதலில் ஈதரும் பிறகு குளோரோபாமும் கொடுத்துப் பார்த்தார். கடவுள் கொடுத்த வலியைக் குறைக்கலாமா என்று பலர் சண்டைக்கு வந்தாங்க. 1853-ல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்னோ என்ற டாக்டரிடம் குளோரோபாம் வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. ராணிக்கும் வலி ஒன்றுதானே!

முதுகு வழியாக மரத்துப்போக வைக்கும் எபிடியூரல் முறையை 1921-ல் எழுதி வெளியிட்டவர் ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் ஃபிடல் பாஹேஸ். 1940-களில் கியூபா நாட்டு டாக்டர் குர்பேலோ, அங்கே மெல்லிய குழாயை வைத்து, மருந்தை வேண்டிய நேரம் வரைக்கும் கொடுக்க வழி செய்தார்.

இனி என் கதை. முதல் பிள்ளைக்கு விடிய விடிய வலி. தாங்க முடியாமல் கத்தினேன். "பெத்துக்க ஆசை இருந்துச்சுல்ல, இப்ப எதுக்குக் கத்துற?" என்று ஒரு சத்தம் வந்தது. வலி அன்றைக்கே மறந்துபோச்சு, அந்தச் சொல் இன்னும் மறக்கலை.

இரண்டாவது பிள்ளைக்குப் பிரஷர் கூடிவிட்டது. அப்போது குற்றாலத்தில் சாரல் காலம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. எபிடியூரல் போட்டால் பிரஷர் ஏறாமல் இருக்கவும் உதவும் என்று டாக்டரம்மா சொன்னாங்க. குழுவில் உள்கடன் எடுத்துத்தான் செலவைச் சமாளித்தோம்.

ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு, முதுகை வளைத்து அசையாமல் உட்காரச் சொன்னாங்க. வலி வரும்போது அப்படி உட்காருவதுதான் கஷ்டம். இடுப்புக்கு மேலே மரக்க ஒரு ஊசி, பிறகு குழாய். ஊசியை எடுத்துவிடுவாங்க, குழாய் மட்டும் இருக்கும். கால் மணி, இருபது நிமிஷத்தில் அடுத்த வலி பாதியாக வந்தது. அதற்கடுத்தது வயிறு இறுகுவது மட்டும்தான் தெரிந்தது. மெயின் அருவிக்கு அடியில் நிற்கிறதுக்கும், தள்ளி நின்று இரைச்சலை மட்டும் கேட்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். கால் கனத்துப் போச்சு. உடம்பு நடுங்கினது, அரிப்பும் இருந்தது. சிறுநீருக்குக் குழாய் வைத்தாங்க, பிரஷரை அடிக்கடி பார்த்தாங்க. நான் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தேன்.

கடைசியில் வலி இல்லை, ஆனால் கீழே பலமாக முட்டுவது தெரிந்தது. நர்ஸம்மா வயிற்றில் கை வைத்து, "இப்ப முக்குங்க" என்று சொன்னபோதெல்லாம் முக்கினேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. மகள் அழுத சத்தத்தை முழு நினைவோடு கேட்டேன். சாயங்காலம் எழுந்து நடந்தேன்.

ஊருக்கு வந்தால் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "வலி தெரியாம பெத்தவளுக்குப் பிள்ளை அருமை என்னத்தத் தெரியும்?" என்றாங்க. ரொம்ப நாள் அது உறுத்தியது. சிம்சன் டாக்டரிடம் சண்டை போட்டவங்க சொன்னதும் இதே பேச்சுதான் என்று படித்த பிறகுதான் மனசு தேறினது. என் இரண்டு பிள்ளைகளில் எதன் அருமை எனக்குக் குறைவு? யாராவது சொல்லட்டும்.

இது எல்லாருக்கும் கட்டாயம் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் உறையாத கோளாறு உள்ளவங்களுக்குப் போடமாட்டாங்க. சிலருக்கு அப்புறம் தலைவலி வரும், முக்குகிற நேரம் நீளலாம். ஆயுசுக்கும் முதுகு வலிக்கும் என்பது மட்டும் உண்மையில்லை. உலக சுகாதார நிறுவனமே 2018-ல், ஆரோக்கியமான கர்ப்பிணி வலி குறைக்கக் கேட்டால் எபிடியூரல் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. பிரசவ அறையில் பிடித்த ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும், மரியாதையோடு நடத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றபோது, திருச்சி மலைக்கோட்டை சிவனே தாயாக வந்தாராம். தாயுமானவர் கதையிலும் பெண் கேட்டது ஒரு துணையைத்தானே.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆச்சி காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது இது. ஆனால் நூற்றுக்கு 44.9 ஆபரேஷன். அவசியத்துக்குச் செய்வதை யாரும் குறை சொல்லமாட்டோம். "வலி தாங்கமாட்டேன், கிழிச்சு எடுத்திருங்க" என்று கேட்கிற பிள்ளைகளும் உண்டு. அவங்களுக்கு நடுவில் இன்னொரு வழி இருக்கு என்று சொல்ல ஆள் வேணும்.

அதனால் நம்ம குழுக் கூட்டத்தில், வரவு செலவு முடிந்த பிறகு, மாசமாக இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்க. ஏழாம் மாதமே டாக்டரிடம், "வலி குறைக்க இங்க என்ன வசதி இருக்கு? மயக்க டாக்டர் இருக்காங்களா? கூட யார் இருக்கலாம்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்க. கேட்பது தப்பில்லை. செத்த பிறகு கல் நட்டவங்க நம்ம முன்னோர். உயிரோடு இருக்கிறவளுக்குச் சுமை இறக்க நாம கை கொடுப்போம்.