அகில அயர்லாந்து மகளிர் இடைநிலைக் கால்பந்து சாம்பியன்ஷிப்

அயர்லாந்தின் கவுண்டி அணிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் மகளிர் கேலிக் கால்பந்துப் போட்டிகளில் இரண்டாம் நிலைத் தொடர். மேலே முதுநிலை, கீழே இளநிலை. 1974இல் டிப்பரரியின் தர்லஸ் நகரில் உருவான மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கம் இதை நடத்துகிறது. வெல்லும் அணிக்கு மேரி க்வின் நினைவுக் கோப்பையோடு முதுநிலையில் ஆடும் தகுதியும் கிடைக்கிறது.

அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். வலைக்குள் சென்றால் மூன்று புள்ளிகள், குறுக்குக் கம்பத்துக்கு மேலே சென்றால் ஒன்று. ஆண்கள் ஆட்டத்தைப் போலன்றி, தரையில் கிடக்கும் பந்தை நேரடியாகக் கையால் எடுக்க அனுமதி உண்டு.

தொடரின் மதிப்பை உயர்த்தியது மீத் அணி. 2018 இறுதியாட்டத்தில் டைரோனிடமும் 2019இல் டிப்பரரியிடமும் தோற்ற அந்த அணி, 2020இல் வெஸ்ட்மீத்தை வென்று மேலேறியது. மறு ஆண்டே முதுநிலை இறுதியில், தொடர்ந்து நான்கு முறை வாகை சூடியிருந்த டப்ளினை வீழ்த்தியது. 2022இலும் பட்டத்தைத் தக்கவைத்தது. இடைநிலையிலிருந்து ஏறிய அணிக்கு இது அரிய சாதனை.

மூன்று நிலைகளின் இறுதியாட்டங்களும் வழக்கமாக டப்ளின் குரோக் பார்க் அரங்கில் ஒரே நாளில் நடைபெறுகின்றன. 2019இல் அவற்றைக் காண 56,114 பேர் திரண்டனர். பின்னாளில் லீஷ் (2022), கில்டேர் (2023), லீட்ரிம் (2024) ஆகியவை இடைநிலைக் கோப்பையை வென்றன.