நடுக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு

வாவியில தோணி வலிக்கவும் வலை வீசவும் கைதான் முதல். அந்தக் கை நடுங்கத் தொடங்கினால், "வயசு போனா வாறதுதானே" என்று விட்டுவிடுகிறோம்.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்குவாதத்தை விவரித்து எழுதினார். மூளையில் எங்கே பழுது என்பது அவருக்குத் தெரியாது. 1919இல் பாரிசில் ட்ரெட்டியாகோவ் அந்த இடத்தைக் காட்டினார்: நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சப்ஸ்டான்சியா நைக்ரா. அசைவுக்கு வேண்டிய டோபமினைத் தருவது அதன் கலங்கள்தான். இந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை 1960இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அதற்கு 23 வருசம் முந்தியே, 1937இல், சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது அதுதான். 1960களில் அதுவே மருந்தானது.

அதுக்காக விதையை அவித்துக் குடிக்கக் கூடாது. அளவு தப்பினால் ஆபத்து. எல்லா நடுக்கமும் இந்த நோயுமில்லை. ஆனால் நடுக்கம் வெளியே தெரியும்போது அந்தக் கலங்களில் பெரும்பங்கு அழிந்திருக்கும். சும்மா வைத்திருக்கும் கை நடுங்கினால், நடை சுருங்கினால், வயசைச் சாட்டாமல் அப்பப்பாவை வைத்தியரிடம் கூட்டிப்போவோம்.