கடற்பாசியில் அயோடின்: ஆய்வு வரலாறு

லாமினேரியா வகைப் பழுப்புக் கடற்பாசிகள் கடல்நீரில் நுண்ணளவே கரைந்துள்ள அயோடினை உறிஞ்சிச் சேமிப்பதையும், வெயில், காற்று, ஓசோன் ஆகியவற்றின் தாக்குதலின்போது அதைச் செலவிடுவதையும் ஆராயும் துறை. வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் லாமினேரியா டிஜிடாட்டாவே இதில் அதிகம் ஆராயப்பட்டது. அதன் அயோடின் செறிவு கடல்நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வரை உயரும்.

தொடக்கம் வெடியுப்புப் பட்டறையில். நெப்போலியன் காலப் போர்களுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தி வெடியுப்பு தயாரித்துவந்தார். 1811இல் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் மிகுந்தபோது ஊதா ஆவி எழுந்தது. அது குளிர்ந்த இடத்தில் திரவமாகாமல், கருமையாகப் பளபளக்கும் படிகங்களாகப் படிந்தது. பூனையொன்று புட்டியைத் தட்டிவிட்டதால் அமிலம் கலந்தது என்ற கதை உண்டு. அதற்கு உறுதியான ஆதாரமில்லை. ஆய்வைத் தொடரக் கூர்த்துவாவுக்கு வசதி போதவில்லை. க்ளெமான், தெசோர்ம் என்ற நண்பர்களிடம் பொருளை ஒப்படைத்தார். அவர்கள் 1813இல் அதை அறிவித்தனர். எதிரி நாட்டவராயினும் சிறப்பு அனுமதியுடன் பாரிஸில் தங்கியிருந்த ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவிக்கு பிரெஞ்சு அறிவியலாளர் ஆம்பியர் ஒரு மாதிரியைத் தந்தார். அது புதிய தனிமம் என முதலில் தெளிந்தவர் டேவியா, பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக்கா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. கண்டுபிடித்தவர் கூர்த்துவாவே என்பதை இருவரும் மறுக்கவில்லை. 1831இல் அவருக்கு 6,000 பிராங்கு பரிசு கிடைத்தது; 1838இல் வறுமையில் இறந்தார்.

1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே கழுத்துக்கழலைக்கு அயோடினைப் பரிந்துரைத்தபின், கரையோரங்களில் அயோடினுக்காகவே பாசி எரிக்கப்பட்டது. உயிருள்ள பாசிக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வி நெடுங்காலம் பின்தங்கியது. 1920களில் பாசியிலிருந்து அயோடின் ஆவியாவது விவாதிக்கப்பட்டது.

1984இல் பழுப்புப் பாசியொன்றின் ஹாலோபெராக்சிடேஸ் நொதிக்கு வனேடியம் தேவை என ஆய்வாளர் ஃபில்ட்டர் காட்டினார். இவ்வகை நொதி ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையுடன் அயோடைடை ஆக்ஸிஜனேற்றுவதால்தான் உறிஞ்சல் நிகழ்கிறது என்று 1998இல் ஆய்வாளர் க்யூப்பரின் குழு முன்வைத்தது. 2008இல் அதே ஆய்வுத்தொடர் முக்கிய விடையைத் தந்தது: சேமிப்பு அயோடைடு வடிவில் உள்ளது, அது எளிய ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பி. கடல் வற்றிப் பாறையில் வெறுமனே கிடக்கும் இலைப்பரப்பில் அது ஓசோனோடு வினைபுரிந்து, அயோடின் ஆவியாக வெளியேறுகிறது. எரித்துப் பிரித்தெடுக்கப்பட்ட பொருள், பாசிக்குக் கவசமாக இருந்திருக்கிறது.

அந்த ஆவி கரையோரக் காற்றில் நுண்துகள்களை உருவாக்கும். மேகத்தின் கருவாக அத்துகள்கள் எந்த அளவு பயன்படுகின்றன என்பது விவாதத்துக்குரியது. உலகளவில் பாசியைவிடக் கடற்பரப்பே பெரிய அயோடின் மூலம் எனப் பின்வந்த மதிப்பீடுகள் கருதுகின்றன.

இந்நொதியின் மரபணுப் பின்னணியும் பின்னர் தெரியவந்தது. 2010இல் எக்டோகார்பஸ் என்ற பழுப்புப் பாசியின் மரபணுத்தொகுதி வெளியானது. 2015இல் வெளியான, லாமினேரியாவுக்கு நெருங்கிய சக்கரினா ஜப்பானிக்கா என்ற பாசியின் தொகுதியில் ஹாலோபெராக்சிடேஸ் மரபணுக் குடும்பம் பெருகியிருப்பது தெரிந்தது.