இணையவழிப் பல்கலைக்கழகப் பாடங்கள்: பார்ப்பதா, பயிற்சி செய்வதா?

இணையத்தின் மூலம் பல்கலைக்கழகப் பாடங்களைக் கற்பிப்பது பலன் தருகிறதா என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் கிடைத்துவந்துள்ளன.

அமெரிக்கக் கல்வித்துறை 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை, இணையவழியில் பயின்றவர்கள் வகுப்பறையில் மட்டும் பயின்றவர்களைவிடச் சற்று மேலான தேர்ச்சி பெற்றதாகவும், இரண்டையும் கலந்து கற்றவர்களிடம் இந்த அனுகூலம் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் கூறியது. ஆயினும் கலந்து கற்றவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருட்களும் கிடைத்திருந்தன என்பதை அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. அந்த எச்சரிக்கையைப் பலரும் படிக்காமலே கடந்து சென்றனர்.

2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செபாஸ்டியன் த்ரூனும் கூகுள் நிறுவனத்தின் பீட்டர் நோர்விக்கும் இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர்கள் அதில் ஒரு சிறு பங்கினரே. அதன் பின்னர் த்ரூன் தொடங்கிய யுடாசிட்டி நிறுவனத்துடன் இணைந்து, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் ஒரு சோதனை முயற்சியை அறிவித்தது. கணிதத்தில் இரண்டும் புள்ளியியலில் ஒன்றுமாக மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 150 டாலர்.

முதல் பருவத்தில் தேறியவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கும் குறைவானவர்களோதான். அதே ஆண்டு ஜூலையில் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. சேர்ந்தவர்களில் சிலரிடம் வீட்டில் கணினியே இல்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது. கோடைகாலப் பருவத்தில் தேர்ச்சி உயர்ந்ததென்னவோ உண்மை. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பலர் ஏற்கனவே பட்டம் பெற்றவர்கள்.

தோல்வியாகவே நினைவுகூரப்படும் இந்தச் சோதனையில் ஒரு முக்கியமான விடயம் புதைந்து கிடந்தது. மாணவரின் பின்னணி, பாடத்தின் தன்மை, உதவிச் சேவைகளைப் பயன்படுத்தியது ஆகிய அனைத்தையும்விட, அவர் எடுத்துக்கொண்ட முயற்சியே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்ததாக, அதனை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தனர். செய்து அனுப்பிய பயிற்சிக் கணக்குகள் அந்த முயற்சியின் ஒரு முக்கிய அளவுகோல்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென்னத் கோடிங்கரும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு பாடத்தில் உறுதிப்படுத்தியது. உளவியல் பாடமொன்றில், ஊடாடும் பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் இருந்த தொடர்பு, காணொளி பார்ப்பதற்கோ வாசிப்பதற்கோ இருந்ததைவிட ஆறு மடங்கு வலுவானதாக இருந்தது. ஊக்கமுள்ள மாணவரே அதிகம் பயிற்சி செய்வார், எனவே காரணம் ஊக்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடுத்த ஆண்டு இதே குழு அதனை ஆராய்ந்து, பயிற்சியே காரணம் என்ற முடிவுக்குச் சாதகமான சான்றுகளை முன்வைத்தது.

இதன் அடிப்படை 2006இலேயே ரோடிகர், கார்பிக் ஆகியோரின் சோதனைகளில் காணப்பட்டது. ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். எண்பதுகளில் அரசறிவியல் விரிவுரைகளைப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்த என்போன்றோருக்கு இது சற்றுத் தாமதமாக வந்த செய்தி.

எனினும் பயிற்சி என்ற பெயரில் வருவதெல்லாம் பயிற்சியாகிவிடாது. பிழையான விடைகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சரியானதை அடையும் வினாக்களும், மதிப்பெண்ணுக்காக 'நானும் உடன்படுகிறேன்' என்று எழுதவைக்கும் கட்டாய விவாதங்களும் நினைவைச் சோதிப்பதில்லை.

யாருக்குப் பலன் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. வாஷிங்டன் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளில் பல்லாயிரம் மாணவர்களின் பெறுபேறுகளை ஆராய்ந்து கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை, இணையவழிப் பாடங்களில் ஏறத்தாழ அனைவரும் சற்றுப் பின்தங்கியதையும், ஆண்கள், இளையவர்கள், கறுப்பினத்தவர், ஏற்கனவே குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தவர்கள் ஆகியோர் கூடுதலாகப் பின்தங்கியதையும் காட்டியது. செலவைக் குறைத்து வாய்ப்பை விரிவாக்கும் வழி என்று இணையவழிக் கல்வி முன்வைக்கப்பட்டது பெரும்பாலும் இத்தகைய மாணவர்களின் பெயரால்தான்.