படத்தில் இருப்பவளிடம் யார் கேட்டார்கள்?

2008 டிசம்பரில் பிரிட்டனில் பலருக்கு விக்கிப்பீடியாவின் ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை. ஸ்கார்ப்பியன்ஸ் என்ற ஜெர்மன் ராக் குழு 1976இல் வெளியிட்ட இசைத்தட்டைப் பற்றிய பக்கம் அது. அதன் அட்டையில் நிர்வாணமாக ஒரு சிறுமி. இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன் அந்தப் பக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சில நாட்களிலேயே விலக்கிக்கொண்டது. படம் நெடுங்காலமாக எங்கும் கிடைக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு இந்தக் காரணம் இன்றுவரை செரிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது அந்தச் சிறுமியின் தரப்பு வாதமாக எப்படி இருக்க முடியும்?

பிறகு 2011. விரும்பாத படங்களை வாசகரே மறைத்துக்கொள்ளும் வசதியைச் செய்துதரும்படி விக்கிமீடியா அறங்காவலர் குழு மே மாதம் தீர்மானித்தது. ஆகஸ்டில் வாக்கெடுப்பு. ஏறக்குறைய 24,000 பேர் கலந்துகொண்டார்கள். வசதி வேண்டுமா, வேண்டாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை. எவ்வளவு முக்கியம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். (கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்காமல் புடவை நிறம் கேட்பது நமக்குப் பழகியதுதான்.) ஜெர்மன் விக்கிப்பீடியர்கள் தனியாக வாக்கெடுத்து, பெரும்பான்மையாக எதிர்த்தார்கள். 2012இல் திட்டம் கைவிடப்பட்டது.

வடிகட்டியை நானும் எதிர்த்திருப்பேன். மறைக்க வேண்டுமானால் முதலில் வகை பிரிக்க வேண்டும். மார்பகப் பரிசோதனைப் படமும் பிரசவப் படமும் ஆபாசப் படமும் ‘பெண் உடல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டப்படும். முக்காடு போடாத முகத்தையும் அதில் சேர்க்கச் சொல்ல ஆள் இருப்பார்கள். அந்தப் பட்டியல் அரசின் கைக்கோ பள்ளி நிர்வாகத்தின் கைக்கோ போனால், தன் உடலைத் தெரிந்துகொள்ள வந்த பெண்ணுக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும்.

ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் இதற்காகவா எதிர்த்தார்கள்? அப்போதைய ஆய்வொன்றின்படி தொகுப்பாளர்களில் பெண்கள் 13 விழுக்காடுகூட இல்லை. அறக்கட்டளையின் செயல் இயக்குநராக இருந்த சூ கார்ட்னர், வாசகரின் சங்கடத்தையும் மதிக்க வேண்டும் என்று எழுதியபோது தணிக்கைக்காரி என்ற வசைதான் எளிதாகக் கிடைத்தது.

இரு தரப்பும் பார்ப்பவரின் கண்ணைப் பற்றியே பேசின. அதே 2011 மே மாதம் அறங்காவலர் குழு இன்னொரு தீர்மானமும் நிறைவேற்றியது: அடையாளம் தெரியும்படி, தனியிடத்தில் எடுத்த படமென்றால் அதில் இருப்பவரின் ஒப்புதலை உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.