கொல்லன் தெருவில் ஒரு ரிலே

மும்பைத் தமிழர்களிடம் லோக்கல் ரயிலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். எனக்கு அதில் கூச்சமில்லை. என் கடை இருப்பதே கொல்லன் தெருவில். லோஹார் சால் என்பதற்கு வேறென்ன பொருள்? மின்சாமான் வியாபாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பழைய டி.சி. லோக்கலில் போனவர்களுக்கு நினைவிருக்கும். வண்டி கிளம்பும்போது மோட்டார் பெட்டியின் அடியிலிருந்து டக், டக், டக் என்று சத்தம் வரும். கூடவே சின்னச் சின்ன உலுக்கல். வண்டி கிழடாகிவிட்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதுவல்ல விஷயம். ரிலே சொல்ல, கான்டாக்டர் கேட்டு, மோட்டாரின் வேகத்தைப் படிப்படியாகத் திறந்துவிடுகிற சத்தம் அது. நம் புறநகர் வாழ்க்கைக்கு மோட்டாரைவிட இந்த ‘டக்’தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

ரிலே என்பது என்ன? சிறிய மின்சாரம் ஒரு காயிலைக் காந்தமாக்கும். காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு வேறொரு மின்சாரத்துக்கு வழி திறக்கும். தந்திக்காகப் பிறந்த சாமான் இது. தூரத்தில் களைத்துப்போகும் தந்தி மின்சாரத்தை வாங்கி, புது பேட்டரியின் பலத்தோடு அடுத்த ஊருக்கு அனுப்பியது. வழியில் களைத்த குதிரையை மாற்றும் வழக்கத்துக்கான பெயரே இதற்கும் வந்தது. நமக்கும் இது புதிதல்ல. மணி கட்டிய கோலோடு ஓடிய திருவிதாங்கூர் அஞ்சல்காரர் செய்ததும் இதே வேலைதான்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். ஓடுகிற மோட்டார், தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கிற மோட்டாருக்கு அந்தக் காவல் கிடையாது. முழு வோல்ட்டையும் ஒரேயடியாகக் கொடுத்தால் காயில் கருகிவிடும். ஆகவே முதலில் ரெசிஸ்டன்ஸ் வழியாகக் கொடுத்து, வேகம் ஏற ஏற அதைத் துண்டு துண்டாக விலக்க வேண்டும். 1895இல் சென்னையிலும் 1907இல் பம்பாயிலும் ஓடத் தொடங்கிய மின்சார டிராமில் ஓட்டுநர் இதைக் கையால் செய்தார். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அவர் திருப்பும் பெட்டிக்குள்ளேயே ஓடியது. ஒரு டிராமுக்கு இது சரி. பத்துப் பெட்டி ரயிலுக்கு?

இங்கேதான் பிராங்க் ஸ்பிரேக் என்ற அமெரிக்கர் வருகிறார். கடற்படையில் படித்து, எடிசனிடம் சில காலம் வேலை பார்த்து, பிறகு மின்தூக்கிகள் செய்தவர். ஒரு சின்ன ஸ்விட்ச், எங்கோ இருக்கும் பெரிய மோட்டாரை ஆட்டிவைப்பதைத் தினமும் பார்த்தவருக்கு, ரயிலிலும் அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. மோட்டார்களைப் பல பெட்டிகளில் வை, அந்தந்தப் பெட்டியிலேயே அதன் கட்டுப்பாட்டையும் வை. மோட்டார்மேன் கையிலிருந்து மெல்லிய கம்பிகளில் உத்தரவு மட்டும் போகட்டும். 1897இல் ஆறு பெட்டி வண்டியை இந்த முறையில் ஓட்டிக் காட்டினார். கைப்பிடியைப் பிடித்தது அவருடைய பத்து வயது மகன்! சிகாகோவின் சவுத் சைட் மேம்பால ரயில் முதலில் இதை ஏற்றது.

1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு 1,500 வோல்ட் டி.சி.யில் முதல் மின்ரயில் புறப்பட்டது. 1928இல் போரிவ்லிக்கும், 1931இல் மீட்டர்கேஜில் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையிலும் இதே வோல்ட்டில் வண்டி ஓடியது. இரண்டு முனையிலிருந்தும் ஓட்டலாம், எஞ்சினைக் கழற்றித் திருப்ப வேண்டியதில்லை. நாலே பிளாட்பாரம் உள்ள சர்ச்கேட்டில் வண்டிகள் உடனுக்குடன் திரும்புவதன் ரகசியம் இதுதான்.

கைப்பிடியை மோட்டார்மேன் முழுதாகத் திருப்பினாலும் வண்டி அவசரப்படாது. மோட்டாரின் மின்சாரம் ஒரு ரிலேயின் காயில் வழியாகவே போகிறது. மின்சாரம் அதிகமாக இருக்கும்வரை அந்த ரிலே அடுத்த கான்டாக்டரைத் தடுத்து வைக்கும். வேகம் கூடி மின்சாரம் இறங்கியதும் பிடியை விடும், ஒரு டக். இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில் மோட்டார்களைத் தொடராக இணைத்து, பிறகு பக்க இணைப்புக்கு மாற்றுவார்கள். ரெசிஸ்டன்ஸ் மட்டும் இருந்தால் கிளம்பும்போது வாங்கும் மின்சக்தியில் பாதி வெப்பமாகிவிடும் என்பது கணக்கு. இந்த மாற்றத்தால் நஷ்டம் மூன்றில் ஒரு பங்காகிறது. வியாபாரி மனசுக்கு இது உடனே புரியும்.

படித்தது போதாதென்று ஒரு பலகையில் செய்தும் பார்த்தேன். 12 வோல்ட் பேட்டரி, இரண்டு கார் ரேடியேட்டர் விசிறி மோட்டார், ஹீட்டர் காயில் துண்டுகள், கார் ரிலேக்கள். முதல் நாளே புகை. தொடருக்கான ரிலே விடுவதற்குள் பக்க இணைப்பு ரிலேக்கள் இரண்டும் இழுத்துக்கொண்டன. பேட்டரியின் இரு முனைக்கும் நேர்வழி கிடைத்து, கம்பியின் தோல் உருகி மேஜையில் ஒட்டியது. வீட்டுக்காரி கடைப்பையன் முன்னாலேயே கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். பிறகுதான் இன்டர்லாக்கின் அருமை தெரிந்தது. தொடர் ரிலேயில் ‘விட்டால் ஒட்டுகிற’ பாயிண்ட் ஒன்று உண்டு. மற்ற இரண்டு காயில்களுக்கும் மின்சாரத்தை அதன் வழியாகவே கொடுத்தேன். முன்னது விடாமல் பின்னது அசையாது. எங்கள் வந்தவாசிப் பக்கத்துப் பம்புசெட்டின் ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டரிலும் இதே காவல் இருக்கிறது. எத்தனை தடவை அதன் பச்சைப் பொத்தானை அமுக்கியிருப்பேன்!

2016 ஏப்ரலில் ஹார்பர் பாதையிலும் டி.சி. நின்றது. ஏ.சி. மின்சாரத்தை எலெக்ட்ரானிக்ஸ் பதமாக்கிக் கொடுக்க, இன்றைய வண்டி உலுக்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது. அந்தப் பலகை இன்னும் என் கடையில்தான் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லோஹார் சால் பக்கம் வாருங்கள், டக் சத்தம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.