பீஜிங் அரண்மனையில் காயல் தூதர்கள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பேருந்தில் சென்றவர்கள் பழையகாயலைக் கடந்திருப்பீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல் துறைமுகம் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே அது என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டும் தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த ஊர்கள்தாம். ஆகவே அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை.

அந்தக் காயலிலிருந்து சீனப் பேரரசரின் அரண்மனைக்குத் தூதர்கள் சென்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? சீனரின் 'மிங் வரலாறு' காயலை 'ஜியாயிலெ' என்று குறிக்கிறது. 1408இல் கடற்படைத் தலைவர் செங் ஹோவிடம் பேரரசர் யோங்லெ கடிதமும் பட்டும் கொடுத்துக் காயலுக்கு அனுப்பினார். 1411இல் காயல் தலைவன் பதில் தூது அனுப்பினான். அவன் பெயரைச் சீன எழுத்தில் 'கெ-பு-செ-மா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எந்தப் பெயர் ஒளிந்திருக்கிறது என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்!

அப்போது தலைநகர் நான்ஜிங். பீஜிங்கில் புதிய அரண்மனை எழும்பிக் கொண்டிருந்தது. 1406இல் தொடங்கி 1420இல் முடிந்த அந்த வளாகத்தின் பரப்பு 72 ஹெக்டேர். நெல்லையப்பர் கோயில் வளாகத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு என்று கொள்ளுங்கள். அதன் நடுவே, மூன்றடுக்குச் சலவைக்கல் மேடையின்மேல் மூன்று பெரும் மண்டபங்கள் நின்றன. தூண், உத்தரம், கூரையைத் தாங்கும் கைகள் எல்லாமே மரம்.

1421 பிப்ரவரி 2, சீனப் புத்தாண்டு. அன்று புதிய அரண்மனை விழாக்கோலத்துடன் திறக்கப்பட்டது. அந்த மாத இறுதியில் 16 நாடுகளின் தூதர்கள் காணிக்கை செலுத்தியதாக அரசவைக் குறிப்பு சொல்கிறது. ஹோர்முஸ், ஏடன், கள்ளிக்கோட்டை, கொச்சி என்று போகும் அந்தப் பட்டியலில் காயலும் இருக்கிறது. மார்ச் 3ஆம் நாள் அவர்களைச் செங் ஹோவின் கப்பல்களில் ஊருக்கு அழைத்துச் செல்ல உத்தரவாயிற்று.

நம்மவர்கள் நல்ல வேளையில் போயிருக்கிறார்கள். மே 9 அன்று மூன்று மண்டபங்களும் எரிந்து சாம்பலாயின. திறந்து நூறு நாள்கூட ஆகவில்லை! ஹீராத்திலிருந்து வந்த தூதுக்குழுவில் இருந்த ஓவியர் கியாசுதீன் நக்காஷ், மின்னல் தாக்கியதாலேயே தீப்பிடித்தது என்று எழுதியிருக்கிறார்.

ஏன் எரிந்தது? மின்னலில் பாயும் மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியர். சுற்றிலும் உள்ளவற்றைவிட உயர்ந்து நிற்கும் கட்டடத்தை அது நாடுவது இயல்பு. மரத்தின் மின்தடை அதிகம். அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது கடும் வெப்பம் பிறக்கிறது. மரத்திலுள்ள ஈரம் கணத்தில் நீராவியாகித் தூணையே பிளக்கும், தீயும் பற்றும். இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தடை குறைந்த உலோகப் பாதையைக் கொடுத்து அதை மண்ணுக்கு இறக்குகிறது, அவ்வளவுதான். பிராங்க்ளினின் பட்டச் சோதனை 1752ஆம் ஆண்டிற்கு உரியது. பீஜிங் மண்டபங்களுக்கு அது 331 ஆண்டு தாமதம்.

பேரரசர் இதை வானத்தின் சினம் என்று அஞ்சினார். தலைநகரை மாற்றியது தவறு என்று அதிகாரிகள் சிலர் துணிந்து சொன்னார்கள். தீக்குப்பின் வந்த ஆணையில், பெருங்கப்பல் பயணங்களைத் தற்காலிகமாக நிறுத்தும் உத்தரவும் இருந்தது. பீஜிங்கில் விழுந்த மின்னலின் அதிர்வு காயல் வணிகத்தையும் எட்டியது என்றால் மிகையாகாது.

1433இல் காயல் தூதர்கள் மறுபடியும் பீஜிங் சென்றார்கள். அம்முறை பிற நாட்டார் கொண்டுவந்த காணிக்கைகளில் ஒட்டகச்சிவிங்கியும் இருந்தது. ஆனால் அவர்கள் கண்டது மண்டபங்கள் இல்லாத வெறும் மேடையைத்தான். மண்டபங்களை மீண்டும் கட்டி முடித்தது 1441இல். பின்னரும் அவை எரிந்தன. இன்று பயணிகள் காணும் முதல் மண்டபத்தின் வடிவம் 1695ஆம் ஆண்டினது.

செங் ஹோவின் கடற்பயணங்கள் 1433உடன் முடிந்தன. காயலை எந்தத் தீயும் அழிக்கவில்லை; தாமிரபரணி கொண்டுவந்த வண்டலே துறையைத் தூர்த்துவிட்டது. பழையகாயல் வெளியில் சீனப் பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடப்பதை 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் கண்டு எழுதினார். பின்னர் ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவின் குழுவும் அங்கே சீனச் சில்லுகளைத் தேடிக் கண்டது. அந்தப் பக்கம் போகும்போது வழவழப்பான சில்லு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.